‘மறுக்கிறேன்’ என்று எங்கே சொல்லலாம்?

‘மறு’ என்ற வினையைப் பற்றிப் பெங்களூர்த் தமிழர்கள் சிலர் கேட்டவையும் என் பதில்களும்.

அல்சூர், கோயில் குழுச் செயலர்: பந்தல் செலவு அதிகம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். குறிப்பேட்டில் ‘பொருளாளரின் கணக்கை மறுத்தார்’ என்று எழுதினேன். அவருக்குக் கோபம். ஏன்?

அவர் கோபம் நியாயமானது. ‘கணக்கை மறுத்தார்’ என்றால் அந்தக் கணக்கே உண்மையில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அவர் பொருளாளரைப் பொய்யர் ஆக்கவில்லையே! ‘பந்தல் செலவு அதிகம் என்று ஆட்சேபித்தார்’ என்று திருத்திவிடுங்கள்.

இந்த வினைக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று எப்போதும் பாருங்கள். ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்றால் அது உண்மையில்லை என்றார். ‘வர மறுத்தார்’ என்றால் வரமாட்டேன் என்றார். ‘அவருக்கு அனுமதி மறுத்தார்’ என்றால் கொடுக்கவில்லை. உயிரில்லாததற்கும் வரும்: மழை நாளில் கதவு திறக்க மறுக்கும்.

ஜீவன் பீமா நகர்: மேலாளரும் தமிழர்தான். அவர் யோசனை சரியில்லை என்றால் ‘மறுக்கிறேன் சார்’ எனலாமா?

வேண்டாம். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “இதுல எனக்கு உடன்பாடு இல்ல சார்” போதும். மின்னஞ்சல் என்றால், ‘உங்கள் கருத்திலிருந்து மாறுபடுகிறேன்’. ‘கருத்தோடு முரண்படுகிறேன்’ என்பது இன்னும் ஒரு படி கடுமை. காரணத்தையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ராஜாஜிநகர்: என் மகள் ‘ஒப்ப மாட்டேன்’ என்கிறாள். கன்னடம் கலந்துவிட்டதா?

கன்னடத்தில் ‘ஒப்பு’ என்றால் சம்மதித்தல். அந்தப் பழக்கத்தில் அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘ஒப்புக்கொள்’, ‘ஒப்புதல்’, ‘மனம் ஒப்பவில்லை’ எல்லாம் நல்ல தமிழ்தான். நாம் ‘ஒத்துக்க மாட்டேன்’ என்போம், அவ்வளவுதான். தயவுசெய்து குழந்தையைத் திட்டாதீர்கள்.

பொம்மனஹள்ளி: முகத்துக்கு நேரே மறுக்க வாய் வருவதில்லை. தமிழில் வேறு வழி உண்டா?

நன்னூலே வழி சொல்கிறது. அது விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. “ஞாயிற்றுக்கிழமை வருவாயா?” என்று கேட்டால் “வரமாட்டேன்” என்பது மறை விடை. “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல். “சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்வேன்” என்பது உறுவது கூறல். “நீயே போய் வா” என்பது ஏவல். “அடுத்த வாரம் வருகிறேன்” என்பது இனமொழி. மறை தவிர்த்த மற்ற நான்கில் எதைச் சொன்னாலும் கேட்டவருக்குப் புரிந்துவிடும். ஆனால் “வராமல் இருப்பேனா?” என்று கேட்டுவிடாதீர்கள், அது சம்மதம்! பணம், கையெழுத்து என்று வந்தால் மட்டும் சுற்றி வளைக்காமல் ‘முடியாது’ என்று சொல்லிவிடுங்கள்.

கே.ஆர்.புரம்: ‘மறுமொழி’ என்றால் மறுத்துச் சொல்வதா?

இல்லை, பதில். மறுநாள், மறுமணம் போல இங்கே ‘மறு’ பெயருக்கு முன்னால் நிற்கிறது. மறுத்து எழுதுவது ‘மறுப்புரை’.