மும்பை பக்கத்து வஜ்ரேஸ்வரி வெந்நீர் ஊற்றில் குழந்தைகளைக் குளிக்க விடலாமா? அந்தச் சூட்டில் கிருமி இருக்குமா?

கால் நனைக்க விடுங்கள், முங்க விடாதீர்கள். செம்பூர், தாராவியிலிருந்து வண்டி பிடித்துப் போகும் நம் ஆட்கள் பலரும் "சுடுதண்ணீர்தானே, கிருமியெல்லாம் செத்திருக்கும்" என்பார்கள். அப்படியில்லை.

அங்கே எரிமலை எதுவும் கிடையாது. பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர், பூமியின் உள்வெப்பத்தில் சூடாகித் தான்சா ஆற்றங்கரையில் மேலே வருகிறது. ஊற்றுநீர் தேங்கும் தொட்டிகளான குண்டங்களில், குண்டத்துக்குக் குண்டம் சூடு மாறும். இதுபோன்ற ஊற்றுகளின் ஓரத்தில் வழவழவென்று படியும் பச்சைப் படலம் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகைகள் 70 டிகிரி வரை தாங்கும். 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவோ அந்தச் சூட்டில்தான் செழிக்கும். கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அந்த பிசிஆர் சோதனை பரவலாக வழிவிட்டதே இதன் நொதிதான்!

இவை பெரும்பாலும் நம்மை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது நெக்லீரியா ஃபௌலேரி என்ற அமீபாவுக்கு. இது 46 டிகிரி வரை வளரும். வாய்வழி போனால் நோய் வராது. மூக்கில் ஏறினால் மூளையைத் தாக்கும். மிக அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. குழந்தைகள் முங்கி விளையாடும்போதுதான் தண்ணீர் மூக்கில் ஏறும்.

அப்புறம், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். மது அருந்தியிருந்தால் இன்னும் மோசம்.