கலமென்சவ்வில் நீருக்கெனத் தனிக் கால்வாய் எதற்கு?

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர், நீர் தானாகவே கலமென்சவ்வினூடாகப் பரவுமென்றால் அதற்குத் தனிக் கால்வாய்ப் புரதம் எதற்கு, அது பழுதடைந்தால் நோய் வருமா என்று கேட்டிருக்கிறார்.

கொழுப்புப் படையினூடாக நீர் பரவுவது உண்மையே; ஆயினும் அந்த வேகம் சிறுநீரகத்துக்குப் போதாது. குருதிவகைப் புரதமொன்றை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்க விஞ்ஞானி பீற்றர் ஏகர், செங்குருதிக்கலங்களில் எதிர்பாராமல் வேறொரு புரதத்தைக் கண்டார். 1992இல் அவரது குழுவினர் அதைத் தவளை முட்டைக்கலங்களில் உருவாக்கி நீர்த்த கரைசலில் இட்டபோது, சாதாரண முட்டைகள் பெரிதும் மாறாதிருக்க, இவை மட்டும் விரைவாக ஊதி வெடித்தன. இவ்வளவு எளிமையான பரிசோதனை இத்தனை தெளிவாக விடை சொன்னதை நான் இன்றும் வியக்கிறேன். அக்குவாபோரின் எனப்படும் இந்த நீர்க் கால்வாய்ப் புரதத்துக்காக 2003இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதன் ஒடுங்கிய துளையில் நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும், புரோத்தன்கள் (ஐதரசன் அயன்கள்) செல்லமாட்டா.

நோயைப் பொறுத்தவரை முக்கியமானது சிறுநீரகத்திலுள்ள இன்னொரு வகையான அக்குவாபோரின் 2 ஆகும். வாசோபிரசின் என்னும் ஓமோன் பணிக்கும்போது அது கலத்தின் உள்ளிருந்து மென்சவ்வுக்கு வந்து, சிறுநீராக வெளியேறவிருக்கும் நீரை உடலுக்கு மீட்கிறது. அதன் மரபணு பழுதடைந்தால் நீர் மீளாது; ஓயாத தாகமும் மிகையான சிறுநீரும் உண்டாகும். கொழும்பில் இவ்வறிகுறிகளைக் கேட்டவுடன் சீனி வருத்தம் என்றே எண்ணுவோம்; ஆனால் இந்த நோயாளியின் சிறுநீரில் சீனி இராது.