யூத வெறுப்பு எழுத்து: பிரெஞ்சுச் சட்டம் எதைத் தண்டிக்கிறது, எதை விடுகிறது? – கேள்வி பதில்

யூதர்களை இழிவுபடுத்தும் பத்திரிகை எழுத்தைச் சட்டம் போட்டுத் தண்டிக்கலாமா, அது கருத்துச் சுதந்திரத்தில் கை வைப்பதாகாதா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பொத்தாம்பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. பத்திரிகைச் சட்டம் என் தொழில், பிரான்ஸ் எனக்குப் பழகிய இடம். அதை வைத்தே சொல்கிறேன்.

ரமணி, திருச்சி: அவதூறுச் சட்டம்தான் எங்கும் இருக்கிறதே. யூதர்களுக்கென்று தனியாக எதற்கு?

யூதர்களுக்கு மட்டும் இல்லை. எந்த இனம், எந்த மதம் என்றாலும் பொருந்தும். ஆனால் அது வந்த கதை அவர்களோடு பின்னிக் கிடக்கிறது.

1881 ஜூலை 29-இல் வந்த பத்திரிகைச் சட்டம் முன் அனுமதி, ஜாமீன் தொகை எல்லாவற்றையும் ஒழித்தது. முதலில் அச்சிடு, தப்பாக இருந்தால் பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் சாரம். (காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. பாரதி புதுச்சேரியிலிருந்து ‘இந்தியா’ நடத்தியது இந்தச் சட்டம் இருந்த மண்ணில்தான்.)

1892-இல் எதுவார் துருமோன் ‘லா லிப்ர் பரோல்’ என்ற நாளேட்டைத் தொடங்கினார். ராணுவத்தில் இருக்கும் யூத அதிகாரிகளை நம்பக் கூடாது என்று தொடர் கட்டுரைகள் போட்டார். அதைத் தொட்டுக் கிளம்பிய ஒரு வாள் சண்டையில் கேப்டன் அர்மான் மாயேர் என்ற யூத அதிகாரி உயிரையே விட்டார். அதே வருடம் துருமோன் மூன்று மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். ஆனால் அது இதற்காக இல்லை. புர்தோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் யூத வங்கியாளர் ரோத்ஷில்டிடம் பணம் வாங்கினார் என்று எழுதியதற்காக. புர்தோவின் பெயர் அச்சில் இருந்தது, அதனால் அவர் வழக்குப் போட்டார். ‘யூதர்கள்’ என்று மொத்தமாகத் திட்டினால் யார் போய் வழக்குப் போடுவது?

பாலு, கோவை: அந்த ஓட்டையை எப்போது அடைத்தார்கள்?

1939 ஏப்ரல் 21. நீதி அமைச்சர் மர்ஷான்தோவின் பெயரால் வழங்கும் அரசாணை, ஒரு இனத்தையோ மதத்தையோ சேர்ந்தவர்களை மொத்தமாக அவதூறு செய்வதைக் குற்றமாக்கியது. பாதி ஓட்டையைத்தான் அடைத்தது, ஏனென்றால் எழுதியவனுக்கு வெறுப்பைத் தூண்டும் நோக்கம் இருந்ததையும் காட்ட வேண்டும். அதையும், ஜெர்மனியிடம் தோற்றபின் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சு ஆட்சியான விஷி அரசு 1940 ஆகஸ்ட் 27-இல் ரத்து செய்துவிட்டது. யூதர்களை அரசு வேலையிலிருந்து விரட்டிய சட்டம் அதற்கு ஐந்து வாரம் கழித்து வந்தது. பயனில்லாத சட்டம் என்றால் அதை இவ்வளவு அவசரமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

விஷி அரசு போனதும் ஆணை திரும்பி வந்தது. முழுதாக அடைத்தது 1972 ஜூலை 1 சட்டம். இனத்தையோ மதத்தையோ வைத்து அவதூறு செய்தால், தூண்டும் நோக்கத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. இனவெறியை எதிர்ப்பதற்கென்று அமைந்து ஐந்து வருடமாவது ஆன சங்கங்களும் வழக்கில் இறங்கலாம். இன்றைக்கு அதிகபட்சத் தண்டனை ஒரு வருடச் சிறையும் 45,000 யூரோ அபராதமும். சாதாரண ஆளை அவதூறு செய்தால் 12,000 யூரோவோடு சரி, சிறை கிடையாது.

செல்வி, மதுரை: இஸ்ரேல் அரசை விமர்சித்தாலே யூத வெறுப்பு என்று வழக்குப் போட்டுவிடுவார்களே, அண்ணா?

போட்டிருக்கிறார்கள், செல்வி. 2002 ஜூன் மாதம் ‘லெ மோந்த்’ நாளிதழில் பாலஸ்தீனப் பிரச்சினை பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் எட்கார் மொரேன். அவரே யூதர், நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர். வரலாற்றிலேயே அதிக காலம் துன்புறுத்தப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் இரண்டே தலைமுறையில் ஆதிக்கம் செலுத்துகிறவர்களாக மாறிவிட்டார்கள் என்ற கருத்தில் சில வரிகள். இது யூதர் எல்லாரையும் சொல்வதாகும் என்று இரண்டு சங்கங்கள் வழக்குத் தொடுத்தன.

கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2005 மே மாதம் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவதூறுதான் என்றது, ஒரு யூரோ நஷ்ட ஈடு. 2006 ஜூலையில் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை உடைத்தது. வரிகளைத் தனியே பிய்த்து எடுக்கக் கூடாது, மொத்தக் கட்டுரையும் ஒரு அரசின் கொள்கையைப் பற்றிய கருத்து, யூத சமூகம் முழுவதன் மீதும் குறிப்பான ஒரு செயலைச் சுமத்தவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

என் பார்வையில் இதுதான் சரியான அளவுகோல். அரசு, கட்சி, ராணுவம் எதையும் கிழிக்கலாம். பிறப்பால் ஒருவன் யூதன் என்பதே குற்றத்துக்குச் சாட்சி என்று எழுதக் கூடாது. ஆனால் அந்தத் தீர்ப்பு வாங்க நாலு வருடம் அலைந்தார்கள். சின்னப் பத்திரிகையாக இருந்தால் தாங்கியிருக்குமா?

அன்வர், நாகூர்: எழுதியவர், ஆசிரியர், கடைக்காரர். இதில் யார் மாட்டுவார்?

முதலில் வெளியீட்டுக்குப் பொறுப்பாகப் பெயர் போட்டிருப்பவர், கூடவே உடந்தையாக எழுதியவர். அந்தப் பொறுப்பாளர் அகப்படாவிட்டால்தான் எழுதியவர் முதல் ஆளாகிறார், அவரும் இல்லாவிட்டால் அச்சகம், கடைசியில் விற்றவர். சாதாரண அவதூறுக்கு மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இன, மத அவதூறுக்கு 2004 முதல் ஒரு வருடம்.

விக்னேஷ், சென்னை: அமெரிக்காவில் இப்படி எதுவும் இல்லாமல்தானே ஓடுகிறது?

ஓடுகிறது, வேறு தடத்தில். மினியாபோலிசில் ஜே நியர் என்பவர் நடத்திய ‘சாட்டர்டே பிரஸ்’ அசல் யூத வெறுப்புத் தாள். ஊர் ரவுடித்தனம் அத்தனைக்கும் யூதர்களே காரணம் என்று எழுதும். மாநிலச் சட்டம் அதை நிரந்தரமாக மூடியது. 1931-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தடையைத் தூக்கியது. அந்த ஐவரில் ஒருவர் லூயி பிராண்டைஸ், அந்த நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி. அச்சுக்கு முன் வாயை அடைக்காதே என்பதில் பாரிசும் வாஷிங்டனும் ஏறக்குறைய ஒன்றுதான். அச்சுக்குப் பிறகு ஒரு சமூகத்தை இழிவுபடுத்தியதற்குத் தண்டனை உண்டா என்பதில்தான் பிரிகிறார்கள்.

தேவகி, யாழ்ப்பாணம்: யூத இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று எழுதினால்?

1990 ஜூலை 13 சட்டப்படி குற்றம். ஃபோரிசோன் என்பவர் பத்திரிகைப் பேட்டி ஒன்றுக்காக 1991-இல் தண்டிக்கப்பட்டு, ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார். 1996-இல் குழு அவர் பக்கம் நிற்கவில்லை. 1972 சட்டத்தில் எனக்கு மனத்தடை இல்லை, இதில் கொஞ்சம் உண்டு. வரலாற்று அறிஞர் பியேர் விதால்-நாக்கே இந்தச் சட்டத்தை எதிர்த்தார். அவருடைய அப்பா, அம்மா இருவரையும் ஆஷ்விட்சில் கொன்றார்கள். மறுப்பாளர்களை வரிக்கு வரி எழுதி வீழ்த்தியவரும் அவர்தான். உண்மையைக் காப்பது நீதிபதியின் வேலையில்லை என்ற அவருடைய நிலையைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியவில்லை.

பெயர் வேண்டாம், பாரிஸ்: ஐயா, லா ஷப்பெல் பக்கம் நாங்கள் ஒரு தமிழ் மாத இதழ் நடத்துகிறோம். தமிழில் எழுதினால் இந்தச் சட்டம் தொடுமா?

தொடும் தம்பி. பிரான்சில் வெளியிட்டால் மொழி எதுவானாலும் ஒன்றுதான், மொழிபெயர்த்துக் கோர்ட்டில் வைப்பார்கள். வாசகர் அனுப்பிய கட்டுரை என்று சொல்லித் தப்ப முடியாது, போட்டது நீங்கள். சந்தேகமான கட்டுரை வந்தால் ‘யூதர்கள்’ என்ற இடத்தில் ஆள், அமைச்சகம், நிறுவனம் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஆதாரத்தை அச்சுக்கு முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு வந்தபின் உண்மையை நிரூபிக்கப் போகிறேன் என்று சொல்லப் பத்து நாள்தான் கிடைக்கும்.