வேதசாட்சிகளுக்குப் பயமே இல்லையா?

"எதற்கெடுத்தாலும் பயப்படும் நான், விசுவாசத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிகளிடம் துணிவைக் கற்க முடியுமா? அவர்கள் பிறவியிலேயே வேறு ரகம் ஆயிற்றே" என்று கேட்டிருக்கிறீர்கள். கோவிலில் புனிதர்களின் சுரூபத்துக்குக் கீழே எழுதிய நாலு வரியை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

புனித பெர்பேத்துவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் உயிர் விட்டவர். வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெறத் தயாராகிக்கொண்டிருந்தபோதே பிடிபட்டார். சிறையில் அவரே எழுதியதாக வரும் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. முன்னுரையும் கடைசிப் பகுதியும் வேறொருவர் எழுதியவை, அதை நான் மறைக்கவில்லை. சிறைக்குள் போன நாளைப் பற்றி அவர் எழுதுவது என்ன தெரியுமா? இப்படியொரு இருட்டை அதுவரை கண்டதில்லை, பயந்துபோனேன் என்கிறார். நெரிசலில் வெக்கை, காவலர்களின் காசு பிடுங்கல், இவற்றுக்கெல்லாம் மேலாகப் பிள்ளையை நினைத்துக் கவலை.

அந்தப் பயத்தோடு என்ன செய்தார் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு தியாக்கோன்கள் (திருச்சபைப் பணியாளர்கள்) காவலர்களுக்குக் காசு கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே பசியில் துவண்ட குழந்தைக்குப் பால் கொடுத்தார். லஞ்சம்தானே என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைக்குப் பாலூட்ட வேறு வழியில்லாத இடம் அது. பிறகு குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். அதன்பின் சிறையே அரண்மனை மாதிரி ஆனது என்று எழுதுகிறார். தனக்கு எது தேவை என்று பார்த்து, அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

விசாரணைக்கு முன்பே அவருடைய அப்பா வந்து மனதை மாற்றப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு குடத்தைக் காட்டி, "இதை வேறு பெயரால் சொல்ல முடியுமா? நானும் கிறிஸ்தவள்தான், வேறு எதுவும் சொல்ல முடியாது" என்றார் மகள். விசாரணையில் ஆளுநர் ஹிலாரியானுஸ் அந்த அப்பாவைப் பிரம்பால் அடிக்கவைத்தபோது, அந்த அடி தன்மேல் விழுந்தது போல் வலித்தது என்கிறார். கல்நெஞ்சம் இருந்தால்தான் துணிவு வரும் என்று நினைக்கிறவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

பிறகு ராணுவச் சிறை. மந்திரம் போட்டுத் தப்பிவிடுவார்களோ என்று பயந்து அதிகாரி கைதிகளைக் கொடுமைப்படுத்தினார். பெர்பேத்துவா நேருக்கு நேர் கேட்டார்: ரோமப் பேரரசரின் மகன் இளவரசர் கேத்தாவின் பிறந்தநாள் விழாவில் நாங்கள் சாகப்போகிறோம், தெம்பாக வந்து நின்றால் உமக்குத்தானே பெருமை? அதிகாரிக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. நிலைமை கொஞ்சம் மேம்பட்டது. கைதிகளை மிருகங்கள் முன் விடும் அரங்கின் வாசலில், பெண்களுக்கு ரோமர்களின் தானியத் தெய்வமான கேரஸ் தேவதையின் பூசாரி உடை போட முயன்றபோதும் விடவில்லை, போட்டிருந்த உடையிலேயே உள்ளே போனார்கள்.

ஒரு மனக்குறையும் உண்டு. பெர்பேத்துவாவுக்கும் உடன் இறந்த பெலிசித்தாவுக்கும் திருநாள் மார்ச் 7 ஒன்றே, ஆனால் பெலிசித்தாவைப் பலரும் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் ஓர் அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளுக்குத் தண்டனை நிறைவேற்றச் சட்டம் இடம் தராததால், தோழர்களைப் பிரிந்து பின்னால் தனியே சாக நேருமோ என்பதே அவர் கவலை. சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வலியில் அவர் கதறியபோது, இதற்கே இப்படியா, அரங்கில் மிருகங்கள் முன் என்ன செய்வாய் என்று ஒரு காவலாள் கேலி செய்தான். "இப்போது படுவது என் வேதனை. அங்கே எனக்காக வேறொருவர் வேதனைப்படுவார்" என்றார்.

அரங்கில் முரட்டுப் பசு தூக்கி எறிந்தபின், பெர்பேத்துவா கிழிந்த உடையை இழுத்து மூடி, கலைந்த முடியைச் சரிசெய்து, விழுந்து கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்து எழுப்பினார். கடைசியில் வெட்ட வந்தவன் புது ஆள். வாள் எலும்பில் பட்டதும் அவர் அலறினார், அந்த அலறலையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு தடுமாறிய அவன் கையைப் பிடித்து, வாளைத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனார்.