ஜேடு செடியை நட்டு ஆடு மேய்க்கலாமா?

கேள்வி: நர்சரியில் ஜேடு என்று வாங்கிய தொட்டிச் செடி கவனிக்காமலே செழிப்பாக வளர்கிறது. ஆப்பிரிக்காவில் இதை யானையே தின்னுமாம். அரை ஏக்கர் மானாவாரி மேட்டில் நட்டு வெள்ளாடுகளை மேயவிடலாமா? நாமும் சாப்பிடலாமா?

பதில்: ஜேடு என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கிறார்கள், முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள். நக அளவு வட்ட இலையும் செம்பழுப்புத் தண்டும் இருந்தால் அது ஸ்பெக்பூம். இலை பெரிதாக, தண்டு தடித்துச் சாம்பல் நிறமாக இருந்தால் கிராசுலா. அதை ஆட்டுக்கும் போடாதீர்கள், நீங்களும் வாயில் வைக்காதீர்கள்.

ஸ்பெக்பூமின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் புதர்க்காடு. அங்கே ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். யானை, காண்டாமிருகம், குடு மான் எல்லாவற்றுக்கும் தீனி. அந்த ஊர் சனங்கள் தாகத்துக்கும் தொண்டை வலிக்கும் இலையை மெல்லுவார்கள், கொப்புளத்தில் கசக்கித் தடவுவார்கள், பால் சுரக்கும் என்று தாய்மார்களும் தின்பார்கள் (இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்). தண்ணீர் தட்டும் காலத்தில் செடி ராத்திரியில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிப்பதால், காலையில் பறித்த இலை புளிச்சக்கீரை மாதிரி சுள்ளென்று இருக்கும், சாயங்காலம் புளிப்பு இறங்கிவிடும்.

சரி, ஆடு விஷயத்துக்கு வருகிறேன். யானை மேலிருந்து ஒடித்துத் தின்னும், தரையில் படர்ந்த கிளைகள் தப்பி வேர்விடும், கீழே விழுந்த துண்டுகூடப் பிடித்துக்கொள்ளும். வெள்ளாடு கீழிருந்து கடிக்கும். அந்தப் படர்ந்த கிளை போனால் நிழலும் ஈரமும் போச்சு, மறுபடி தழைக்க வழியில்லை. அங்கே ரோமத்துக்காக வளர்க்கும் அங்கோரா வெள்ளாடுகளைக் கணக்கில்லாமல் மேயவிட்டுப் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு சீரழிந்தது. 2004-ல் அரசு செலவில் குச்சி நட்டு மீட்கத் தொடங்கினார்கள்.

அதனால் மேய்ச்சல் வேண்டவே வேண்டாம். விரல் தடிமன் குச்சியை நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் சரளை மேட்டில் வேலியோரமாக ஊன்றுங்கள். களிமண்ணில் அழுகும். நன்றாகப் புதரான பிறகு நுனியை மட்டும் வெட்டிப் போடுங்கள், அதுவும் கோடையில் கொஞ்சமாக. இலை முக்கால்வாசி தண்ணீர்தான், வயிறு ரொம்பும், ஆடு எடை ஏறாது. அகத்தியும் வேலிமசாலும் சோளத்தட்டையும் இருக்கவே வேண்டும்.

வீட்டில் தின்பதானால், நர்சரியிலிருந்து வந்த இலையைத் தொடாதீர்கள், என்ன மருந்து அடித்தார்களோ. நீங்கள் நட்டு வளர்த்த புதுத் தளிரில் நாலு இலை கிள்ளித் தயிர்ப் பச்சடியில் போடலாம்.