கடையில் நன்றாகத்தான் இருந்தது!
கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: கடையில் வாங்கிய நாய்க்குட்டிக்கு நான்காம் நாளே வாந்தி, ரத்தப்பேதி. "எங்ககிட்ட துள்ளிக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்கிறார் கடைக்காரர். இவர்களைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா டாக்டர்?

பதில்: முதலில் குட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். அது உடம்பில் நுழைந்த பிறகு பெரும்பாலும் 3 முதல் 7 நாள்வரை வெளியே காட்டிக்கொள்ளாது. ஆகவே, கடையில் துள்ளியதும் உண்மையாக இருக்கலாம்.

தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி வற்றி, தடுப்பூசி இன்னும் முழுசாகப் பிடிக்காத ஓர் இடைவெளி குட்டிகளுக்கு உண்டு. விற்பனைக்கு வருவதும் அந்த வயதில்தான். நாலைந்து இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் போட்டால் கேட்கவே வேண்டாம். கூண்டின் அளவு, தண்ணீர், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் விதி வேண்டியதுதான். ஆனால் கடையை ஆய்வு செய்ய வருபவர் முதலில் புரட்ட வேண்டியது பதிவேட்டை: எந்த வளர்ப்பாளர், என்று பிறந்தது, புதிதாக வந்ததை எத்தனை நாள் தனியே வைத்தார்கள்? என்னிடம் வரும் தடுப்பூசி அட்டைகள் பலவற்றில் ஒரு தேதியும் கிறுக்கல் கையெழுத்தும்தான் இருக்கும். மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்காது, மருந்தின் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இருக்காது. அதை நான் ஊசி போட்டதாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இங்கிலாந்தில் 2020 முதல் 6 மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளைக் கடைகள் வாங்கி விற்க முடியாது. வளர்த்தவரிடமே நேரில் வாங்க வேண்டும். பிரான்ஸில் 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனையே கிடையாது. நல்லதுதான், ஆனால் வியாபாரம் இணையத்துக்கு நழுவிவிட்டால் எட்டிப்பார்க்கக் கூண்டுகூட இருக்காதே என்பது என் கவலை.

கேள்வி: குட்டி ஆமை வாங்கலாமா? பேரன் அடம்பிடிக்கிறான். வயது 4.

பதில்: வேண்டாம். ஆமை தனக்கு ஒன்றும் இல்லாமலே, மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். பிள்ளைகள் அதைத் தொட்ட கையை வாயில் வைப்பார்கள். ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975-லேயே தடைசெய்தது இதனால்தான். தடை வந்தது பிள்ளைகளுக்காக. ஆமையின் நலனை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? பேரன் கொஞ்சம் வளரட்டும், பிறகு எழுதுங்கள்.