காப்பி எடுத்தேன், அசல் காலியாகிவிட்டது!

கேள்வி: கொடைக்கானலில் மாமாவோடு சேர்ந்து சின்னதாக டூர் பேக்கேஜ் நடத்துகிறோம் சார். முன்பதிவுத் தளம் நானே லாரவெல் என்ற ஃப்ரேம்வொர்க்கில் (இணையதளம் எழுத உதவும் கருவித் தொகுப்பு) எழுதியது. ஏப்ரல், மே சீசனுக்குப் போட்ட மூன்று நாள் பேக்கேஜை அப்படியே எடுத்து, விலையை மட்டும் மாற்றி செப்டம்பருக்குப் போடலாம் என்று ‘காப்பி’ பட்டன் வைத்தேன். நகலெடுக்கிற ரெப்ளிகேட் கட்டளையைப் போட்டால் பேக்கேஜ் பெயரும் விலையும் வந்தது, உள்ளே நாள் விவரம் வரவில்லை. தேடிப் பார்த்து சேவ்மெனி என்று ஒரு வரி சேர்த்தேன். புதியதில் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் பழைய பேக்கேஜில் ஒரு நாள்கூட இல்லை! பதறிப்போய் இன்னும் இரண்டு முறை அழுத்தினேன், இரண்டும் வெறுமையாக வந்தன. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.
– வாசகர், நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: முதலில் அந்த மூன்று காப்பிகளில் எதையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் நாட்கள் எங்கேயும் போகவில்லை, முதல் காப்பிக்குக் குடிபோயிருக்கின்றன, அவ்வளவுதான். ரெப்ளிகேட் என்பது பேக்கேஜ் டேபிளில் (அட்டவணையில்) உள்ள அந்த ஒரு வரியை (row) மட்டும்தான் நகல் எடுக்கும், அதோடு தொடர்புள்ள மற்ற டேபிள்களைத் தொடாது. அப்புறம் நீங்கள் சேவ்மெனியில் கொடுத்தது பழைய நாட்களையே. ஏற்கெனவே ஐடி (அடையாள எண்) உள்ள வரிகளை அதனிடம் கொடுத்தால் அது புதிதாக எதையும் உருவாக்காது, அந்த வரிகளில் பேக்கேஜ் ஐடியை மட்டும் மாற்றி எழுதிவிடும். இரண்டாம், மூன்றாம் முறை அழுத்தியபோது அசலில் எடுக்க எதுவும் மிச்சமில்லை, அதனால்தான் வெறுமை.

பேக்அப் ஒன்று எடுத்துவிட்டு, நாள் டேபிளில் முதல் காப்பியின் ஐடி உள்ள வரிகளுக்கெல்லாம் பழைய பேக்கேஜ் ஐடியைத் திரும்பப் போடுங்கள், ஒரே ஒரு அப்டேட்தான். காப்பியை அழிக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், பேக்கேஜ் போனால் அதன் நாட்களும் கூடவே போகிற மாதிரி கேஸ்கேட் வைத்திருந்தால் அசலின் நாட்களும் சேர்ந்து போயிருக்கும், அப்போது மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, ஒழுங்காக எப்படி எடுப்பது? ப்ரோகிராம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் டேபிள்களை எழுதி, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இந்தப் பேக்கேஜின் சொத்தா, இல்லை பேக்கேஜ் இதைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்கிறதா? இதை எந்த ஃப்ரேம்வொர்க்கும் உங்களுக்காக முடிவு செய்யாது. எல்லாத் தொடர்புகளையும் தானாக நகலெடுக்கும் லைப்ரரிகள் கிடைக்கும்தான், நான் புதிதாக எழுதுபவர்களுக்கு அவற்றைச் சொல்வதில்லை, ஏனென்றால் எது தன்னுடையது என்று அவற்றுக்குத் தெரியாது.

உங்கள் விஷயத்தில் நாட்களும், ஒவ்வொரு நாளுக்குள் உள்ள நிறுத்தங்களும் பேக்கேஜின் சொத்து, அவை புதிதாக வரவேண்டும். ஆனால் நிறுத்தம் சுட்டுகிற இடம், அதாவது தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், பேரிஜம் ஏரி, இவை உங்கள் பேக்கேஜுக்குச் சொந்தமல்ல. அவற்றையும் நகலெடுத்தால் இடப் பட்டியலில் இரண்டு தூண் பாறை நிற்கும், நாலு சீசன் போனால் ஐந்து! அங்கே பழைய இட ஐடியையே புதிய நிறுத்தத்திலும் வைத்தால் போதும். ‘தேனிலவு’, ‘குடும்பம்’ மாதிரி டேக்குகள் இருந்தால் டேக்கை விட்டுவிடுங்கள், பேக்கேஜையும் டேக்கையும் இணைக்கிற நடு டேபிளின் வரிகளை மட்டும் புதிய ஐடியோடு போடுங்கள். முன்பதிவுகள், விமர்சனங்கள் பக்கமே போகவேண்டாம், செப்டம்பர் பேக்கேஜுக்கு மே மாதமே நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததாகத் தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

எல்லோரும் மாட்டுகிற இடம் இனிமேல்தான் வருகிறது. பேரிஜம் போக ஜீப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு கூடுதல் கட்டண டேபிள் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் பேக்கேஜ் ஐடியும் இருக்கும், எந்த நாள் என்று நாள் ஐடியும் இருக்கும். நகலெடுக்கும்போது பேக்கேஜ் ஐடியை மட்டும் மாற்றிவிட்டு நாள் ஐடியை மறந்தீர்களானால், புதிய பேக்கேஜின் ஜீப் கட்டணம் பழைய பேக்கேஜின் இரண்டாம் நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பார்த்தால் தெரியாது, விலை சரியாகவே வரும், ஒரு வருஷம் கழித்து யாரோ பழைய பேக்கேஜை அழிக்கும்போதுதான் பிழை வரும், அதற்குள் நீங்கள் எழுதிய ப்ரோகிராம் உங்களுக்கே மறந்திருக்கும். இதற்கு மருந்து, நாட்களை ஒவ்வொன்றாக நகலெடுக்கும்போதே பழைய ஐடி எது, புதிய ஐடி எது என்று ஒரு அரேயில் (பட்டியலில்) குறித்துக்கொண்டே வருவது. 41 இப்போது 97, 42 இப்போது 98. அப்புறம் கட்டண வரிக்கு வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து மாற்றுங்கள். வரிசை முக்கியம்: பேக்கேஜ், பிறகு நாள், பிறகு நிறுத்தம், கடைசியில் இப்படிக் குறுக்கே சுட்டுகிறவை.

மொத்தத்தையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் வையுங்கள், நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. நடுவில் ஏதாவது பிழை வந்தால் ரோல்பேக் ஆகி, அதாவது பழைய நிலைக்கே திரும்பி, பாதி பேக்கேஜ் என்று ஒன்று நிற்காமல் போகும். உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லாக இருந்து, டேபிள் பழைய மைஐசாம் (MyISAM) வகையாக இருந்தால் ட்ரான்ஸாக்ஷன் போட்டும் பயனில்லை, இன்னோடிபி (InnoDB) வகைதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 5.5 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு என்றாலும் பழைய சர்வரிலிருந்து இறக்கிய டேபிள்கள் அப்படியே இருக்கும்.

சில்லறை விஷயங்கள். லிங்க் பெயர் தனித்துவமாக இருக்கவேண்டும் என்று வைத்திருந்தால் நகல் அங்கேயே முட்டும், புதிய பெயர் கொடுங்கள். நகல் எப்போதும் வெளியிடப்படாத நிலையில் பிறக்கட்டும். படங்களுக்கு டேட்டாபேஸில் இருப்பது கோப்பின் பாதை மட்டும்தான், இரண்டு பேக்கேஜும் ஒரே கோப்பைக் காட்டும், பழையதை அழிக்கும்போது கோப்பையும் அழிக்கிற மாதிரி எழுதியிருந்தால் புதியதில் படம் இருக்காது. மலையில் நெட் மெதுவாக இருக்கும்போது பட்டனை இரண்டு முறை தட்டுவது மனித இயல்பு, முதல் தட்டிலேயே பட்டனை முடக்குங்கள். அப்புறம் நகலெடுப்பது பழைய வாசகங்களையும் சேர்த்துத்தான்: 2023 பேக்கேஜிலிருந்து எடுத்தால் அதில் இ-பாஸ் பற்றி ஒரு வரியும் இருக்காது, கொடைக்கும் நீலகிரிக்கும் அது வந்ததே 2024 மே 7-ல்தான்.

புதிய வரி சேமிக்கப்பட்டதும் ஏதாவது தானாக நடக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு விடுதிக்கு எழுதிக் கொடுத்த மென்பொருளில் சோதனைக்காக ஒரு குழு முன்பதிவை நகலெடுத்தேன், இரவு பதினொன்றரைக்கு. முன்பதிவு சேர்ந்தால் எஸ்எம்எஸ் போகும் என்று நானே முந்தின மாதம் எழுதி வைத்ததை மறந்துவிட்டேன். 38 பேருக்கும் ‘உங்கள் அறை உறுதி’ போய்விட்டது. மறுநாள் காலை அந்த முதலாளி என்னிடம் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. லாரவெலில் இப்படித் தானாக நடப்பவற்றைக் கிளப்பாமல் சேமிக்க சேவ் கொயட்லி என்று ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

கேள்வி: எங்கள் தேயிலைக் கொள்முதல் மென்பொருளில் மாதப் பிறப்பன்று இலை கொடுக்கும் விவசாயிகள் பட்டியலையும் அவர்களின் விலைப் பட்டியலையும் மொத்தமாகப் புதிய மாதத்துக்கு நகலெடுக்கிறோம். ஒவ்வொருவராக லூப்பில் போவதால் ரொம்ப நேரம் பிடிக்கிறது. வேகப்படுத்த வழி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வழி இருக்கிறது, ஆனால் விவசாயி மாதாமாதம் புதிதாகப் பிறப்பதில்லையே அம்மா! மாறுவது விலை மட்டும்தான். விலை டேபிளில் ‘எந்தத் தேதியிலிருந்து’ என்று ஒரு நெடுவரிசை (column) சேர்த்து, மாதம் ஒரு விலை வரி போடுங்கள், நகல் வேலையே இருக்காது. போன வருஷம் ஒருவர் எவ்வளவு இலை கொடுத்தார் என்று பார்க்க அவரைப் பன்னிரண்டு ஐடிகளில் தேடவும் வேண்டாம். இப்போதைக்கு மாற்ற முடியாது என்றால் லூப்பை விட்டுவிட்டு, வரிகளை மொத்தமாகப் படித்து ஒரே கட்டளையில் எழுதுகிற இன்சர்ட் செலக்ட் பயன்படுத்துங்கள். விவசாயி டேபிளில் ‘எதிலிருந்து வந்தது’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, நகலெடுக்கும்போதே பழைய ஐடியை அதில் நிரப்புங்கள். பிறகு விலை வரிகளை அந்த நெடுவரிசையோடு ஜாயின் செய்து (இணைத்து) ஒரே கட்டளையில் புதிய ஐடிகளோடு இறக்கிவிடலாம்.

கேள்வி: ஜாங்கோவில் (பைத்தான் மொழியின் ஃப்ரேம்வொர்க்) ப்ரைமரி கீயை, அதாவது வரியின் ஐடியை, None (காலி) என்று வைத்து சேவ் செய்தால் நகல் வந்துவிடுகிறது. அது போதுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: அந்த ஒரு வரிக்குப் போதும், கூடவே இது புதிய வரி என்று ஜாங்கோவுக்குச் சொல்ல, அதன் ஸ்டேட்டில் ஆடிங் (_state.adding) என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள். பேக்கேஜும் டேக்கும் போல, நடு டேபிள் வழியாக இணைகிற மெனி டு மெனி தொடர்புகள் வராது. சேவ் செய்தபின் உங்கள் கையில் இருக்கும் மாறி புதிய ரெக்கார்டைத்தான் குறிக்கும், பழையது கைநழுவிப்போயிருக்கும். அதனால் தொடர்புகளை முன்கூட்டியே ஒரு லிஸ்டில் எடுத்து வைத்துக்கொண்டு, சேவ் முடிந்தபின் செட் செய்யுங்கள்.